ஊசியக்காவின் டொக்குப் பலகை

எலாஸ்டிக் நாடாவை இழுப்பதற்கு முன் ஊசியக்கா ஒரு தடவை இருமுவாள். சளி கிடையாது, தொண்டையில் கரகரப்பும் கிடையாது. இருமினால் தலை குனியும், தலை குனிந்தால் பலகை மறையும், மறைகிற நேரத்தில் சுண்டுவிரல் ஒரு காயை வாசல் வழியாக எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி வந்துவிடும். பிறகு நிமிர்ந்து, ஊருக்கே நியாயம் சொல்கிறவள் முகத்தோடு, "இந்தத் தூசி இருக்கே, மனுஷிய ஆட விடாது" என்பாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். "அக்கா, விரல் போட்டீங்க."

"யாரு விரல்?"

"உங்க விரல்தான். மோதிரம் தெரிஞ்சுது."

மறுநாள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்காருவாள்.

பலகை என்றால் பெரிய வேலைப்பாடு ஒன்றும் இல்லை. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான மரத் தட்டு. நான்கு பக்கமும் விளிம்பு. நடுவில் குறுக்கே ஒரு சட்டம், அந்தச் சட்டத்தின் நடுவில் ஒரு காய் மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். இரண்டு முனையிலும் நாடாவை இழுத்துக் கட்டியிருக்கும். ஆளுக்கு ஐந்து மரக்காய். காயை நாடாவில் வைத்து இழுத்து விட்டால் அது வாசல் வழியாக எதிராளி பக்கம் போக வேண்டும். உன் முறை, என் முறை என்கிற மரியாதையெல்லாம் இதில் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். யார் பக்கம் முதலில் காலியாகிறதோ அவர் ஜெயித்தவர். ஆனால் நாம் அனுப்ப அனுப்ப அந்தப் பக்கத்துக்காரரும் அனுப்புவதால், வேண்டாத சொந்தம் மாதிரி காய்கள் வந்துகொண்டே இருக்கும். வாசல் தவறிய காய் சட்டத்தில் மோதி டொக்கென்று திரும்பும். அதனால் வீட்டு வழக்கில் அது டொக்குப் பலகை. பிள்ளைகளுக்காக வாங்கியது. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போனபோது இதை யாரும் கேட்கவில்லை. தாய்மார்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஊசியக்கா என்பது வேலை கொடுத்த பேர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வருகிறவர்களுக்கு ஊசி ஏற்றி ரத்தம் எடுப்பது அவள் உத்தியோகம். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம், "கையக் குடுங்க, வேலை முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்" என்பாள். பயந்தவர்களிடம், "வலிச்சா சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்பாள். நிறுத்துகிறேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெரிய உடம்புக்காரர் ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டாராம். "இன்னும் ஆரம்பிக்கல. சட்டைக் கையை மேல ஏத்தினீங்கன்னா ஆரம்பிச்சுடலாம்" என்றாளாம்.

எந்நேரமும் கைகளையே பார்த்துப் பார்த்து அவளுக்கு முகம் நினைவில் நிற்காமல் போய்விட்டது. சொந்தக்காரர் கூடுகிற இடத்தில் எதிரே வந்து நின்று சிரித்தால் யாரோ என்று பார்ப்பாள். கையைப் பிடித்து முழங்கை மடிப்பைத் தடவிவிட்டால் போதும், "அட, நீ ஊசிக்கு நழுவற உருள்நரம்பு சித்தப்பா பொண்ணு இல்ல? அப்பா நல்லாருக்காரா, தண்ணி குடிக்கறாரா?" என்று வம்சம் முழுக்க வந்துவிடும். அவள் கணவனையே ஒரு தடவை பேருந்து நிறுத்தத்தில் அடையாளம் தெரியாமல் கடந்து போயிருக்கிறாள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டது அவர் தப்பு என்று இன்றைக்கும் சொல்வாள்.

அவள் என் நாத்தனாரின் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். எதிர்ப்பக்கத்துக் குரல் இளைய மகனின் மனைவி, ஊசியக்காவுக்கு ஓரகத்தி. சின்னவள் என்றே எல்லோரும் சொல்வோம். அந்தக் குடும்பத்து ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாத்தனாரின் மாமனார் தன் தம்பியோடு பேசாமலே செத்தார். அந்தத் தம்பி தன் மைத்துனனோடு பேசாமல் செத்தார். மற்ற வீடுகளில் வயலும் தோப்பும் வழிவழியாக வருவதுபோல அங்கே பேசாமல் இருப்பது வரும். மூத்தவர் விட்டுப்போனதை அடுத்தவர் பத்திரமாகக் காப்பாற்றுவார்.

மூத்தவனுக்கும் இளையவனுக்கும் வந்தது கடிகாரத்தால். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை மூத்தவன் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைப்பான். வீட்டில் யாரும் வேலைக்குத் தாமதமாகப் போகக்கூடாது என்பது அவன் எண்ணம். இளையவன் நாற்காலி போட்டு ஏறி அதைச் சரியான மணிக்குத் திருப்பி வைப்பான். பொய்யான மணியைப் பார்த்து மனுஷன் எப்படி உண்மையாக உழைப்பான் என்பது அவன் கேள்வி. வருஷக்கணக்கில் ஒருவன் ஏற, ஒருவன் இறங்க, நாற்காலிதான் உடைந்தது. கடைசியில் ஒருநாள், கடிகாரத்தை யார் தொடுவது என்பதிலிருந்து வீட்டை யார் தொடுவது என்பதற்குப் பேச்சு வந்துவிட்டது.

பாகம் பிரித்துக் கொடுக்க என் வீட்டுக்காரர் போனார். தாய்மாமன் அல்லவா. அவருக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று: எதையும் பாதியாக்குவது. பெரிய பூட்டு வந்தபோது பூட்டு ஒருவனுக்கு, சாவி மற்றவனுக்கு என்றார். டொக்குப் பலகை வந்தது. பலகை மூத்தவனுக்கு, காயும் நாடாவும் இளையவனுக்கு என்று தீர்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கடிகாரத்தை யாருக்கும் கொடுக்காமல் எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். இங்கே அது ஓடுவதே இல்லை. அதனால் எங்களுக்குள் சண்டையும் இல்லை.

கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்துப் படியை மிதிக்கக்கூடாது, அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கத்துப் படியை மிதிக்கக்கூடாது என்று அண்ணனும் தம்பியும் தனித்தனியாகச் சபதம் போட்டார்கள். இத்தனை காலத்தில் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

சுவர் இடுப்பளவு வந்தபோது ஊசியக்கா கொத்தனாரிடம் போய், "இந்த இடத்துல ஒரு முழம் அகலத்துக்குச் செங்கல் வைக்காதீங்க" என்றாள்.

"ஜன்னலாம்மா?"

"ஜன்னல் இல்ல. பலகை வைக்கற இடம்."

"மாடமா? அப்போ பின்னாடி அடைச்சுடணுமே."

"அடைக்கக்கூடாது. பின்னாடி இன்னொருத்தி உக்காருவா."

கொத்தனார் அதற்குமேல் கேட்கவில்லை. பாகம் பிரிகிற வீடுகளில் வேலை செய்து பழகிய ஆள்.

மூத்தவன் வேலையிலிருந்து வந்து ஓட்டையைப் பார்த்தான். இது என்ன என்றான். ஊசியக்கா பலகையைக் கொண்டுவந்து அதில் வைத்துக் காட்டினாள். பலகையின் நடுச்சட்டம் சுவரின் நடுவுக்கு நேராக நின்றது. இந்தப் பாதி நம்ம வீட்டில் இருக்கிறது, அந்தப் பாதி அவர்கள் வீட்டில் இருக்கிறது, யாரும் யார் படியையும் மிதிக்கவில்லை, வேண்டுமானால் அளந்து பாருங்கள் என்றாள். அவன் உண்மையிலேயே அளவுநாடா வைத்து அளந்தான். சரியாக இருந்தது. நியாயம் பேசுகிற பரம்பரை, பாவம், நியாயத்துக்கு எதிராக வாய் திறக்க முடியவில்லை. "மூஞ்சி தெரியக்கூடாது" என்று மட்டும் சொன்னான். அதனால் பலகைக்கு மேலே ஒரு சாண் இடம் விட்டு மறுபடி செங்கல் அடுக்கினார்கள். உட்கார்ந்தால் எதிராளியின் கைகள் தெரியும், மடியில் கொஞ்சம் தெரியும். மேலே சுண்ணாம்பு.

ஊசியக்காவுக்கு இது ஒரு குறையே இல்லை. முகம் தெரிந்தால்தான் அவளுக்குக் குழப்பம்.

பகலெல்லாம் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் விளக்குப் போட்டதும் சின்னவள் அந்தப் பக்கத்திலிருந்து தகர டப்பாவைத் திறந்து காய்களைக் கொட்டுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஊசியக்கா குளியலறையில் இருந்தாலும் குரல் கொடுப்பாள். காயில்லாமல் இவளால் ஆட முடியாது, பலகையில்லாமல் அவளால் ஆட முடியாது. என் வீட்டுக்காரர் தன் ஆயுளில் செய்த ஒரே உருப்படியான பஞ்சாயத்து அது என்று அவளே சொல்வாள். அவர் அதை வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்வதில்லை.

சின்னவள் வேறு வார்ப்பு. துணிக்கடையில் துணி அளந்து வெட்டுகிறவள். யார் கெஞ்சினாலும் ஒரு விரல்கடை கூட்ட மாட்டாள், முதலாளி முறைத்தாலும் ஒரு விரல்கடை குறைக்க மாட்டாள். "அளவுன்னா அளவு" என்பது அவள் பேச்சில் பாதி. நாடா தளர்ந்தால் கடையிலிருந்து தன் காசில் வாங்கிவந்து இரண்டு பக்கமும் ஒரே இழுப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கட்டுவாள். ஒருமுறை காய்கள் தன் பக்கமே சரிந்து வருவதாகச் சந்தேகப்பட்டு, கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிப் பலகைமேல் வைத்துப் பார்த்தாள். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. ஊசியக்கா தன் பக்கத்து அடியில் மடித்து வைத்திருந்த துண்டை உருவிக்கொண்டே, "சுவரு எறங்கியிருக்கும்டி, புதுச் சுவர்தானே" என்றாள்.

சின்னவளுக்குப் பொய் வராது. முயற்சி செய்தால் குரல் தானாக மேலே ஏறிக் கீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். நாத்தனார் உயிரோடு இருந்தபோது, "நான் கட்டியிருக்கறது நல்லாருக்கா?" என்று கேட்டு, இவள் "நல்லாருக்கு அத்தை" என்ற குரலைக் கேட்டுவிட்டு அறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

ஊசியக்காவின் பெரிய ஆயுதம் விரலும் இல்லை, துண்டும் இல்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும், குரலில் ஒரு கவலையை வரவழைத்து, "ஏண்டி, அடுப்பப் பாத்தியா? ஏதோ தீயற வாசனை வருதே" என்பாள். சின்னவள் பதறி எழுந்து ஓடுவாள். திரும்பி வருவதற்குள் இந்தப் பக்கம் துடைத்துவிட்டதுபோலக் காலியாகியிருக்கும். மறுநாளும் இதே பொய், மறுநாளும் அவள் ஓடுவாள். ஏன் ஓடுகிறாய் என்று நான் கேட்டிருக்கிறேன். "நெஜமா தீஞ்சிருந்தா?" என்றாள். அடுப்பையும் நம்ப முடியாது, அக்காவையும் நம்பாமல் இருக்க முடியாது என்கிற கட்சி.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. சின்னவளின் கையில் அன்றைக்குக் குறி தப்பவில்லை. காய் காயாக வாசல் வழியே வந்து விழுந்தது. திடீரென்று அந்தப் பக்கம் நாடாச் சத்தம் நின்றது.

"முடிஞ்சுது அக்கா. காலி."

ஊசியக்கா சாண் இடைவெளி வழியாகப் பார்த்தாள். இரண்டு காய்கள் அங்கேயே இருந்தன. சின்னவளின் இடது மூலையில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொடுவாரில்லாமல்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். "அத்தை, இத்தனை வருஷத்துக்கு அப்பறம் பிள்ளை கள்ளாட்டம் கத்துக்கிச்சேன்னு எனக்கு உச்சி குளுந்துபோச்சு" என்றாள் என்னிடம். அந்தக் குளிர்ச்சியோடு, "ரெண்டு இருக்கே" என்றிருக்கிறாள்.

"எங்க இருக்கு?"

"உன் பக்கம்தான்."

"இல்லையே அக்கா. பாருங்க, சுத்தமா இருக்கு."

சின்னவளின் வலது கை பலகையைத் துடைத்துக் காட்டியது. வலது ஓரத்தில் ஆரம்பித்து நடு வரைக்கும் வந்து, பலகை அங்கேயே முடிந்துவிட்டதுபோல நின்றது.

குரல் மேலே ஏறவில்லை. அதுதான் ஊசியக்காவுக்குச் சந்தோஷத்தை நிறுத்தியது. சின்னவள் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு முழப் பலகையில் பாதி எப்படித் தெரியாமல் போகும்? அப்போதுதான் இடது கையைப் பார்த்தாள். எப்போதும் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கும் கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரி மடியில் கிடந்தது.

"இடது கையக் குடுடி."

இடைவெளி வழியாக வலது கை வந்தது.

"இது வலது. இடது கை."

"குடுத்திருக்கேனே அக்கா."

ஊசியக்கா எழுந்த வேகத்தில் பலகை சாய்ந்து காய்கள் இரண்டு வீட்டிலும் சிதறின. மூத்தவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எங்கே போகிறாய் என்றான். அடுத்த வீட்டுக்கு என்றாள். அந்தப் படியை மிதிக்கக்கூடாது என்று தெரியாதா என்று அவன் செய்தித்தாளை இறக்குவதற்குள் தன் வீட்டுப் படியை இறங்கி அந்த வீட்டுப் படியை ஏறிவிட்டாள். செருப்புக்கூடப் போடவில்லை.

வாசலில் இளையவன் நின்றான். "அண்ணி, நீங்க இங்க வரக்கூடாதுன்னு..."

"வண்டியக் கூப்பிடு. படியப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

சின்னவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபடி, ஒன்றும் ஆகவில்லை, ஏன் எல்லோரும் பதறுகிறீர்கள் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வண்டி வந்து தெருமுனையில் நின்றது. நாற்காலியோடு தூக்கத்தான் வழி. இளையவன் ஒருவனாகத் தூக்கப் பார்த்தான், நாற்காலி சாய்ந்தது. மூத்தவன் படிக்குக் கீழே நின்றுகொண்டு படியைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். ஏறினான். "தூக்கு" என்றான் ஒருவன். "மெதுவா" என்றான் மற்றவன். அந்த இரண்டு சொல்லும் பேச்சில் சேராது என்று அன்றைக்கு இருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மருத்துவமனையில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ஒரு பக்கம் ரத்தம் ஓடாமல் நின்றிருக்கிறது, சீக்கிரம் கொண்டு வந்ததால் பிழைத்தது என்றார் டாக்டர். கண்ணில் கோளாறு இல்லை, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மனசு மறந்துவிடும், பழக்கிப் பழக்கித்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். அங்கே சின்னவளுக்கு ஊசி ஏற்றினார்கள். தினம் ஊசியிலேயே கண் விழிக்கிற ஊசியக்கா அன்றைக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த சின்னவள் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பாள். தலையின் வலது பாதியை வாரிக்கொண்டு வாரியாயிற்று என்பாள். கதவு நிலையில் இடது தோள் இடித்தால், நிலைக்காலைத் திட்டுவாள். புருஷன், பார்க்க வந்தவர், போனவர் எல்லோரும், "இடது பக்கம் பாரு, இடது பக்கம் பாரு" என்று சொல்லிச் சொல்லி அவள் எந்தப் பக்கமும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். இழுத்துக்கொண்ட வாயை மறைக்க ஒரு துணியை முகத்தில் பாதிக்குப் போட்டுக்கொண்டாள். யார் வந்தாலும் அந்தத் துணி இறங்காது. நான் போனபோதும் இறங்கவில்லை. கடைக்குத் திரும்பப் போவாயா என்று கேட்டேன். "பாதித் துணியத்தான் அளப்பேன் அத்தை" என்றாள். அளவுன்னா அளவு என்று அவள் சொல்லி நாளாயிற்று.

படிக்கான தடை தானாகக் கழன்றுவிட்டது. ஊசியக்கா காலையில் அந்தப் படி ஏறிப் போய்ச் சின்னவளைக் குளிப்பாட்டுவாள், பின்னால் நின்று தலையை இரண்டு பக்கமும் வாரிவிடுவாள். மருத்துவமனை வராந்தாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த தோஷம், அண்ணனும் தம்பியும்கூட மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார்கள். சுவரை இடித்துவிடலாம் என்று இருவருமாக முடிவு செய்தார்கள். கொத்தனாரை வரச்சொல்லிவிட்டுத்தான் வீட்டில் சொன்னார்கள்.

"சுவரு இருக்கட்டும்" என்றாள் ஊசியக்கா.

மூத்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் இரண்டு பேருக்காகத்தானே இடிக்கிறோம் என்றான்.

"இடிச்சா பலகைய எங்க வைக்கறது?"

"மேஜை மேல வையேன். எதிரெதிரா உக்காந்து ஆடுங்க."

"எதிரெதிரா உக்காந்தா மூஞ்சி தெரியும்."

"தெரிஞ்சா என்ன?"

"நீங்கதானே தெரியக்கூடாதுன்னு சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கொத்தனாருக்கு டீ போடப் போனாள். அவர் குடித்துவிட்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளே தகர டப்பாவை எடுத்துச் சின்னவளின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, படி இறங்கி, தன் வீட்டுப் படி ஏறி, சுவருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. நாடாவை ஒரு விரலால் மீட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு டப்பா திறந்து காய்கள் கொட்டின. சாண் இடைவெளியில் தெரிந்த சின்னவளின் மடிமேல் ஒரு துணி வந்து விழுந்து கிடந்தது. முகத்தில் போட்டிருந்த துணி.

அதிலிருந்து தினமும் ஆடுகிறார்கள். ஊசியக்கா அனுப்புகிற காயெல்லாம் சின்னவளின் இடது மூலைக்கே போகும். குறி அப்படி. சின்னவள், "காலி" என்பாள். இவள், "இல்ல" என்பாள். எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டாள். ஒரு நாள் மட்டும், "நீ பாக்காத பக்கமும் உன் பாகத்துலதான்டி வருது. மாமா பிரிச்சுக் குடுத்தது" என்றாள். அந்தக் கை தேடும். நடு வரைக்கும் வரும், திரும்பிப் போய்விடும். காய்கள் மூலையில் அப்படியே இருக்கும். ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். எந்த நாளும் அந்த மூலை காலியானதில்லை. இருமலும் இல்லை, மடித்த துண்டும் இல்லை. அடுப்பைப் பற்றிய பேச்சும் இல்லை. கள்ளாட்டம் இல்லாத ஊசியக்காவை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. சீக்குப் பிடித்தவள் மாதிரி இருந்தாள்.

போன வாரம் போயிருந்தேன். பொழுது சாயவில்லை. ஊசியக்கா அடுப்பைக் கழற்றிக் கழுவப் போட்டிருந்தாள். பர்னர் இரண்டும் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன, மேடை வெறுமையாக இருந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆட்டம் நடந்தது. சின்னவள் பக்கத்தில் இரண்டே காய்கள் பாக்கி, அதே மூலையில். இவள் ஒரு காயை நாடாவில் வைத்து இழுத்தபடி இருந்தாள். விட்டால் அதுவும் அங்கேதான் போய்ச் சேரும்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. வாய் கோணியதால் கொஞ்சம் குழறல்.

"அக்கா, அடுப்பப் பாத்தீங்களா? ஏதோ தீயற வாசனை வருது."

குரல் கடைசியில் மேலே ஏறிக் கீச்சிட்டது.

ஊசியக்காவின் கை நாடாவில் அப்படியே நின்றது. அவள் வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காயை எடுத்து ஓசைப்படாமல் பலகையில் வைத்தாள்.

"ஐயோ, மறந்தே போயிட்டேன் பாரு" என்று எழுந்து போனாள்.

சமையலறை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நேராகத் தெரியும். அவள் வெறும் மேடைக்கு முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சுவரின் சாண் இடைவெளியில் சின்னவளின் வலது கை அசைந்தது. பலகையைத் தடவிக்கொண்டே நடு வரைக்கும் வந்தது. நின்றது. பிறகு நடுவைத் தாண்டியது. இருட்டில் படி தேடுகிற கால் மாதிரி விரல் விரலாக நகர்ந்து இடது மூலையில் போய் ஒரு காயைத் தொட்டது. தொட்டதும் சட்டென்று மூடிக்கொண்டது. நாடா இழுபட்டது. டொக். வாசல் தவறிவிட்டது. மறுபடி இழுபட்டது. காய் வாசல் வழியாக இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

இன்னும் ஒன்று இருந்தது. அந்தக் கை அவசரப்படவில்லை. மறுபடியும் தடவிக்கொண்டு கிளம்பியது.

ஊசியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில்லாத மேடைக்கு முன்னால் நின்றபடியே தலையைக் குனிந்து, சளியும் கரகரப்பும் இல்லாத தொண்டையால், நிதானமாக ஒரு தடவை இருமினாள்.